ராணி தொட்டா நெறி கரையுமா?

அன்புள்ள அக்கா,
ஆங்கிலத்துக்கு அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனுக்கு சின்ன வயசுல 'கிங்ஸ் ஈவில்'னு ஒரு வியாதியாம், ராணி தொட்டா சரியாகும்னு கூட்டிட்டுப் போனாங்களாம். அது என்ன வியாதி? தொட்டு நெஜமாவே நிறைய பேருக்கு குணமாச்சா? எங்க அண்ணிக்கும் ரெண்டு மாசமா கழுத்துல நெறி கட்டியிருக்கு, பச்சிலை பத்து போடுறோம், அதான் கேட்டேன்.
– செ.

தம்பி,
அது டிபிதான்பா. கழுத்து நெறியில வர்ற டிபி, நம்ம பெரியவங்க கண்டமாலைன்னு சொல்றது. ராஜா கை பட்டா போயிடும்னு இங்கிலாந்துலயும் பிரான்ஸ்லயும் நம்பினாங்க, அதான் அந்தப் பேரு. இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் மட்டும் 90,000 பேருக்கு மேல தொட்டிருக்கார், தொட்டு கழுத்துல தங்கக்காசு மாட்டி அனுப்புவாங்க.

குணமாச்சான்னு கேக்குற. இந்த நெறி வீங்கும், சிலருக்கு தானா வத்தும், உடைஞ்சு சீழ் வடிஞ்சு ஆறும், அப்புறம் பக்கத்துல இன்னொண்ணு கிளம்பும். வத்துற நேரமா பாத்து ராஜா கை பட்டுச்சுன்னா பேரு அவருக்கு, வத்தாம செத்தவங்களப் பத்தி யாரு பேசினாங்க? ஜான்சனை 1712ல 'ஆன்'ங்கிற ராணி தொட்டாங்க, அப்ப அவருக்கு ரெண்டரை வயசு, அந்தக் காசை சாகுற வரைக்கும் கழுத்துல போட்டிருந்தார், ஆனா நோய் போகல, கட்டியை கத்தி வெச்சு அறுத்த தழும்புதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு.

அண்ணி விஷயத்தை போற போக்குல எழுதியிருக்கியே, ரெண்டு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஜான்சனைப் படிக்க நேரம் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு நேரம் இல்லையா? நாளைக்கே வீக்கம் வத்தினா பச்சிலைதான் சரி பண்ணுச்சுன்னு உக்காந்துடுவீங்க, உள்ள கிருமி அப்படியே இருக்கும். எங்க சித்தி சித்திரை வெயில்லயும் தலைப்பை கழுத்தைச் சுத்தி இழுத்துப் போட்டுக்கும், குனியும்போது விலகினா தாடைக்குக் கீழ தோல் சுருங்கி இழுத்துட்டு இருக்குறது தெரியும். கல்யாணம் நின்னுடும்னு வீட்டுல மூடி மூடி வெச்சு வந்த வினை அது, எனக்கு இன்னும் ஆறல.

டிபியாவே இருக்கணும்னு இல்ல, வேற எதுவா இருந்தாலும் பாத்தே ஆகணும். ஊசி குத்தி கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. டிபின்னா பெரும்பாலும் ஆறு மாசம் மாத்திரை, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஃப்ரீ, வீக்கம் போச்சுன்னு நடுவுல நிறுத்தக்கூடாது. நுரையீரல்ல இல்லாம நெறியில மட்டும் இருந்தா இருமல்ல பரவாது, அதனால தட்டு டம்ளரை தனியா வெச்சு அந்தப் பொண்ணை அழ வைக்காதீங்க. பத்தை கழுவிட்டு நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போ, ரிசல்ட் வந்ததும் எழுது.