எந்தக் காது கேட்டது?

அன்பின் ஐயா,

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தமிழ் மொழிமூலம் படித்தேன். இப்போது களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானம் இரண்டாம் வருடம். விரிவுரையெல்லாம் ஆங்கிலம். மூன்று கேள்விகள். தமிழில் படித்த பௌதிகவியல் கொப்பிகளை இனித் தூக்கி வைத்துவிடலாமா? டெசிபெல் எப்படிக் கழித்தல் பெறுமானத்தில் வருகிறது? ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காதை இரைச்சலால் மறைக்கும் மாஸ்கிங் விதிகள் பாடம், ஆனால் ஏன் என்று கேட்டால் எனக்குப் பதில் வராது. விளக்குவீர்களா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி

அன்பின் மாணவிக்கு,

கொப்பிகளைத் தூக்கி வைக்காதீர்கள். மூடிய குழாயின் பரிவு ஒன்றே போதும், அவற்றின் பெறுமதி தெரியும். காதுக் கால்வாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமான குழாய், ஒரு முனையைச் செவிப்பறை மூடுகிறது. கால் அலைநீளம் என்று போட்டு 340-ஐ 0.1-ஆல் வகுத்தால் 3400 ஹேர்ட்ஸ். செவிப்பறை விறைத்த மூடியல்ல, வாயிலில் முனைத்திருத்தமும் (குழாய் சற்று நீண்டதுபோல் நடப்பது) உண்டு. ஆகவே உண்மைக் காதில் அது 3000-ஐ ஒட்டி இறங்கும்; அங்கே வரும் ஒலியைக் கால்வாய் பெருக்கிவிடும். இரைச்சல் கோக்லியாவை (உட்காதின் நத்தைச் சுருளை) தாக்கும்போது, வந்த மீடிறனுக்கு அரை ஒக்டேவ் (ஏறத்தாழ 1.4 மடங்கு) மேலேதான் சேதம் அதிகம். பட்டறையில் பல வருடம் நின்றவரின் ஓடியோகிராமில் (கேள்திறன் வரைபடத்தில்) 4000 ஹேர்ட்ஸில் பள்ளம் விழுவது ஏன் என்று இனி நீங்களே சொல்லலாம்.

டெசிபெல் என்பது விகிதத்தின் மடக்கை. எதோடு ஒப்பிட்ட விகிதம் என்று கேட்காமல் அந்த எண்ணை வாசிக்கவே கூடாது. ஒலி அமுக்க அளவில் 0 என்பது 20 மைக்ரோபஸ்கால். கேள்திறன் அளவில் 0 என்பதோ, பழுதில்லாத இளங்காதுகள் அந்தந்த மீடிறனில் கேட்கத் தொடங்கும் சராசரி இடம். டிடிஎச்-39 என்ற சோதனை ஹெட்போனில் அந்த இடம் 1000 ஹேர்ட்ஸில் 7 டெசிபெல் ஒலி அமுக்கம், 250-இல் 25.5. சராசரியை விடக் கூரிய காதுக்குக் கழித்தல் 5, கழித்தல் 10 வருவதில் அதிசயம் இல்லை.

இனி மாஸ்கிங். ஒரு காதில் ஹெட்போனால் கொடுக்கும் ஒலி போதிய அளவு பெரிதானால் மண்டையோட்டை அதிரவைத்து மற்றக் காதின் கோக்லியாவை எட்டும். காதின் மேல் வைக்கும் ஹெட்போனில் வழியில் குறைந்தது 40 டெசிபெல் இழப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். காதின் பின் எலும்பில் வைக்கும் எலும்பு அதிர்வியில் இழப்பு பூச்சியம் என்றே கொள்ள வேண்டும். நோயாளி பொத்தானை அமத்துவார். எந்தக் காது கேட்டது என்று பொத்தான் சொல்லாது.

ஒரு கணக்கு. வலது காது காற்று வழி (ஹெட்போனால்) 10 டெசிபெல், எலும்பு வழி (அதிர்வியால்) 10. இடது காது மாஸ்கிங் இல்லாமல் 55. 55-இலிருந்து 10 போனால் 45. 40-ஐத் தாண்டியதால் அந்த 55-ஐ நம்ப முடியாது. வலது காதில் குறும்பட்டை இரைச்சல் (சோதிக்கும் மீடிறனைச் சுற்றி மட்டும் ஒலிப்பது) கொடுங்கள், அந்தக் காதின் படிநிலைக்கு (கேட்கத் தொடங்கும் அளவுக்கு) 10 மேலே, அதாவது 20-இல் தொடங்கி. இடது 65 ஆகிறது. இரைச்சல் 30, இடது 75. இரைச்சல் 40, இடது 85. பத்துக்குப் பத்து ஏறினால் இன்னும் வலதுதான் கேட்கிறது. இரைச்சல் 50-இல் இடது 90, 60-இலும் 90, 70-இலும் 90. இந்த மேட்டுச் சமதளம்தான் விடை. 55 என்று எழுதியிருந்தால் நடுத்தரக் குறைபாடு. உண்மையில் அந்தக் காது ஏறக்குறையச் செத்த காது. எல்லா மீடிறனும் கலந்த வெள்ளை இரைச்சலைப் பயன்படுத்தினால் சக்தி தேவையில்லாத மீடிறன்களில் சிதறும். அதே மறைப்புக்கு இன்னும் சத்தமாகப் போட வேண்டிவரும்.

இரண்டு காதிலும் நடுச்செவிப் பழுது, காற்று வழி 60, எலும்பு வழி 0 என்றால் சிக்கல். தொடக்க இரைச்சலே 70. அதில் 40 போக மிச்சம் 30 சோதிக்கும் காதின் கோக்லியாவையே மூடிவிடும். சமதளம் பிறக்க இடமே இல்லை. காதுக்குள் செருகும் இயர்போனுக்கு மாறுங்கள். அதில் கடக்கும் இழப்பு அதிகம்.

பரீட்சையில் கேட்காத பிழைகளும் உண்டு. காலி வீதிப் பஸ் உறுமலும் ஏசி முணுமுணுப்பும் தாழ் மீடிறன். ஹெட்போன் மெத்தை அவற்றை அதிகம் தடுக்காது. அறை சரியில்லையென்றால் 250, 500-இல் இல்லாத குறைபாடு முளைக்கும். கடும் செவிடருக்கு எலும்பு அதிர்வியை 250-இல் 25-ஐ ஒட்டியும் 500-இல் 55-ஐ ஒட்டியும் கொடுத்தால் தோலில் உணர்ந்தே அமத்துவார். நடுச்செவிப் பழுதுபோலக் காட்டும் போலியான காற்று-எலும்பு இடைவெளி கிடைக்கும். முதியவரின் கால்வாய் ஹெட்போன் அழுத்தத்தில் மடிந்தால் உயர் மீடிறன் பொய்யாக விழும். அதற்கும் செருகு இயர்போன்தான் மருந்து.

தமிழ் உங்களுக்கு எங்கே வேண்டும் தெரியுமா? “சத்தம் கேக்குது பிள்ளை, கதைக்கிறதுதான் விளங்குதில்லை” என்று வருபவரிடம். உயர் மீடிறன் போன காதுக்குப் பல், பால் வித்தியாசம் தெரியும்; அது நீளத்தில் இருக்கிறது. பத்து, பட்டு குழம்பும். அந்த வித்தியாசத்தின் குறிப்புகள் 1000-க்கு மேலே கிடக்கின்றன. அவருக்குச் சிங்களச் சொற்பட்டியல் போட்டால் மொழியை அளப்பீர்கள், காதை அல்ல. சென்னைப் பட்டியலும் அப்படியே ஒத்துவராது: கதிரை என்று பழகிய பிள்ளை நாற்காலிப் படத்தைத் தொடாவிட்டால் குற்றம் கோக்லியாவுடையது அல்ல. பேச்சுப் படிநிலை (சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லத் தொடங்கும் அளவு) 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் படிநிலைகளின் சராசரியோடு 10-க்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் நோயாளியைச் சந்தேகிக்கும் முன் பட்டியலைச் சந்தேகியுங்கள்.

மாஸ்கிங் பிழைக்கும் பல தடவைகளில் சூத்திரத்தில் பழுதில்லை. என்ன செய்வதென்று நோயாளிக்கு விளங்கவில்லை, இரைச்சலுக்கே அமத்துகிறார். இந்த வசனத்தை உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றி வைத்திருங்கள்: “ஒரு காதில காத்தடிக்கிற மாதிரி இரைச்சல் வரும், அதை விடுங்கோ. மற்றக் காதில கூ எண்டு மெல்லிசாக் கேட்டாலும் அமத்துங்கோ. நிண்டவுடன கையை எடுங்கோ.”