லேசருக்கு அவசரம் வேண்டாம்

சகோதரி, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினாலே சிறுநீர் கசிகிறது, ஒரு டாக்டர் பிறப்புறுப்பு லேசர் என்கிறார், இன்னொருவர் தேவையே இல்லை என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாமவர் பக்கம்தான் நான். அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையிலேயே எச்சரித்துவிட்டது: இந்தக் கருவிகளைக் கசிவை நிறுத்தவோ பிறப்புறுப்பை இறுக்கமாக்கவோ அது அனுமதிக்கவில்லை, தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி வரலாம். விளம்பரத்தில் இதெல்லாம் எங்கே வருகிறது!

முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான பயிற்சி. காற்று பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, சில நொடி பிடித்து, மெதுவாக விடுங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். அப்புறம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ ரத்தமோ இருந்தால் காத்திருக்காமல் உடனே பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.