வீட்டில் செய்த வாலையை (காய்ச்சி வடிக்கும் கலனை) முதல்முறை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: "மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். 16 லிட்டர் எவர்சில்வர் பானை, ஏர்கான் கடையில் வாங்கிய அரை அங்குலக் காப்பர் குழாய், இரண்டையும் வைத்து ஒரு வாலை செய்திருக்கிறேன். செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் எடுக்கத்தான். கூட்டாளி சாராயமும் வடிக்கலாம் என்கிறான். முதலில் எதைப் போட்டுச் சோதிப்பது?"

எதையும் போடாமல் சோதியுங்கள். முதல் சோதனைக்கு அடுப்பே தேவையில்லை.

அதற்கும் முன்னால் பாகங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். காப்பர் இணைப்புகளைப் பற்றவைத்த பற்றாசு காரீயம் இல்லாததா? எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் பழைய கம்பி என்றால் பெரும்பாலும் காரீயம் கலந்ததுதான். அந்த இணைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். கால்வனைஸ் குழாய், பழைய கார் ரேடியேட்டர், ஆவி படும் இடத்தில் பிவிசி ஹோஸ் எதுவும் வேண்டாம். மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதன்மேல் வெள்ளை டெஃப்லான் டேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். செராய் எண்ணெய் ரப்பரை ஊத வைத்துவிடும்.

இப்போது காற்றுச் சோதனை. பானையின் தலையில் வெப்பமானிக்குத் துளை போட்டிருப்பீர்கள். அங்கே ஒரு டி-இணைப்பு வைத்து, ஒரு பக்கம் வெப்பமானியையும் மறுபக்கம் ஒன்றேகால் மீட்டர் ஒளிபுகும் சிலிக்கான் குழாயையும் மாட்டுங்கள். குழாயை 'ப' எழுத்துப் போலத் தொங்கவிட்டு, இரண்டு காலிலும் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். திறந்த கால் 45 செ.மீ.யாவது மேலே போக வேண்டும். மூடியைக் கிளிப் போட்டு இறுக்கி, காப்பர் சுருளின் வெளிவாயில் வாய் வைத்து ஊதுங்கள். இரண்டு காலுக்கும் நீர்மட்ட வித்தியாசம் 30 செ.மீ. வந்ததும் விரலால் அடைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் 5 செ.மீ.க்குள் இறங்கினால் நல்ல வேலை. அதற்கு மேல் இறங்கினால் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பிரஷ்ஷால் தடவிக் குமிழி தேடுங்கள். முதலில் மூடி விளிம்பு, பிறகு தலையின் வாஷர், கடைசியாகப் பற்றவைத்த இடங்கள். சுருளைத் தொட்டித் தண்ணீரில் முக்கியே ஊதினால் அதன் ஓட்டை தானாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனையை நிழலில், பானை ஆறியிருக்கும்போது செய்யுங்கள். 16 லிட்டர் காற்று ஒரே ஒரு டிகிரி சூடானால் போதும், மட்டம் 3 செ.மீ.க்கு மேல் ஏறும். வெயிலில் வைத்துச் சோதித்தால், ஓட்டை இருக்கும், அளவு மட்டும் இறங்காது.

டயர் கடைக் காற்றைப் பிடித்து ஏற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். 16 லிட்டர் பானைக்கு வாய் 28 செ.மீ. அளவில் இருக்கும். 30 செ.மீ. நீர் அழுத்தமே அந்த மூடியை 18 கிலோ எடைக்குச் சமமாக மேலே தள்ளுகிறது. கம்ப்ரஸரில் ஒரு பார் கொடுத்தால் 600 கிலோவைத் தாண்டும். பானை கிழியும், அல்லது மூடி பறக்கும். கிளிப் இல்லாமல் கோதுமை மாவுப் பசையால் மட்டும் மூடியை ஒட்டுகிறவர்களின் வாலையில் இந்தப் பயம் குறைவு. ஒரு கிலோ மூடி ஒன்றரை செ.மீ. நீர் அழுத்தத்திலேயே தூக்கிக் கொடுத்துவிடும். கிளிப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் 'ப' குழாயைச் சோதனை முடிந்ததும் கழற்றாமல், திறந்த முனையை ஒரு காலி வாளிக்குள் திருப்பிவிட்டு அடுப்பு எரியும்வரை வைத்திருங்கள். சுருள் எங்காவது அடைத்தால் 40 செ.மீ.யில் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆவி வெளியேறும். வெளிவாயில் வால்வு, தட்டு, தக்கை எதையும் மாட்டாதீர்கள்.

சுருள் தொடக்கத்திலிருந்து கடைசிவரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று கொஞ்சம் தொய்ந்திருந்தாலும் அங்கே தண்ணீர் தேங்கி, பின்னால் வரும் ஆவி அதைத் தள்ளும். சொட்டுச் சீராக வராமல் கொட்டுவதும் நிற்பதுமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தீயைக் குறைத்து ஒன்றும் ஆகாது.

அடுப்பு இப்போதுதான். வெளியில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 2 லிட்டர் வெள்ளை வினிகரோடு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர் வடியும்வரை கொதிக்க விடுங்கள். பற்றவைக்கும்போது ஒட்டிய ஃபிளக்ஸ் பசையும் காப்பர் பச்சையும் இதில் வந்துவிடும். வடிந்தது நீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம், அப்படியே கொட்டிவிடுங்கள். அடுத்து வெறும் தண்ணீரில் ஒருமுறை. வெளிவாயில் வெள்ளை டிஷ்யூ பிடித்தால் பச்சைக் கறை விழக்கூடாது. விழுந்தால் வினிகரை இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

பிறகு அளவெடுக்கும் ஓட்டம். 5 லிட்டர் தண்ணீரைத் தராசில் நிறுத்து ஊற்றுங்கள். கொதித்து ஆவி தலைக்கு வந்ததும் வெப்பமானி 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். கேமரன் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனால்தான் 95 சரி. சுங்கை சிப்புட்டில் 95 காட்டினால் வெப்பமானி பொய் சொல்கிறது, அல்லது அதன் நுனி ஆவி ஓடும் பாதைக்கு வெளியே இருக்கிறது. நடுத்தரத் தீயில் நிமிடத்துக்கு 25 மில்லி வருவது நல்ல வேகம். 2 லிட்டர் வடிந்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, வடிந்ததையும் பானையில் மிஞ்சியதையும் சேர்த்து நிறுங்கள். 5 கிலோவில் 100 கிராமுக்கு மேல் காணவில்லை என்றால் ஆவி எங்கோ தப்பிக்கிறது. குளிரில் சரியாகத் தெரிந்த மூடி சூட்டில் விரிந்து ஒழுகுவதை இந்த ஒரு கணக்குதான் பிடிக்கும்.

தீயை அணைத்ததும் 'ப' குழாயைக் கழற்றிக் காற்றை உள்ளே விடுங்கள். வெளிவாய் எந்தத் தண்ணீரிலும் மூழ்கி இருக்கக்கூடாது. பானை ஆறும்போது உள்ளே வெற்றிடம் ஏறி, முனை முங்கியிருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

பலர் செய்யாமல் விடும் சோதனை உப்பு. அதே 5 லிட்டரில் 50 கிராம் உப்பைக் கரைத்து ஓட்டுங்கள். முதல் 100 மில்லியைக் கொட்டிவிட்டு, அடுத்து வருவதை மலிவான டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) பாருங்கள். உப்பு ஆவியாகாது. வடிநீரில் உப்பு இருந்தால், கொதிநீர் துளியாகவோ நுரையாகவோ மேலே ஏறித் தாண்டியிருக்கிறது. பானையில் இருப்பது 10,000 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 கிராம். வடிநீரில் 10 என்றால் லிட்டருக்கு ஒரு மில்லி தெறித்திருக்கிறது, அது பரவாயில்லை. 50க்கு மேல் போனால் தீ அதிகம், அல்லது தலைக்கும் நீருக்கும் இடையே உயரம் போதவில்லை. பானையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மீட்டர் இல்லையென்றால் நாக்கு இருக்கிறது, ஆனால் அது ஐம்பதைக் கண்டுபிடிக்காது. முடிந்ததும் நன்றாகக் கழுவுங்கள். உப்பு தங்கினால் எவர்சில்வரிலும் புள்ளி விழும்.

குளிர்விப்பில்தான் நம் ஊர் வெயில் வேலை காட்டும். குழாய்த் தண்ணீரே 28 டிகிரி. மத்தியானம் கூரைமேல் தொட்டியிலிருந்து வருவது இன்னும் சூடு. 60 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 25 மில்லி வேகத்தில், ஒன்றேகால் மணி நேரத்தில் 48 டிகிரியைத் தொட்டுவிடும். அதற்குமேல் வெளிவாயில் ஆவி மணக்கத் தொடங்கும்; எண்ணெயும் அதோடு போகும். காலையில் ஓட்டுங்கள், புதுத் தண்ணீரை அடியில் விட்டு மேலே வழியவிடுங்கள்.

கூட்டாளியின் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டு எக்சைஸ் சட்டப்படி உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம், வீட்டில் குடிக்க என்றாலும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பல, 1996 முதல் வீட்டு வடிப்பை அனுமதித்த நியூசிலாந்து போன்ற நாடுகளுக்கானவை. சம்சு என்ற மலிவுச் சாராயம் தோட்டங்களில் என்ன செய்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதியில் மெத்தனால் கலந்த மதுவால் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொளுத்திப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பார்கள். குடிக்கும் எத்தனாலும் நீலமாகத்தான் எரியும், விஷமான மெத்தனாலும் எரியும். 64.7 டிகிரியில் கொதிக்கும் மெத்தனால், 78.4இல் கொதிக்கும் எத்தனாலுக்கு முன்னால் தனியாக வந்துவிடும் என்பதும் சரியில்லை. கலவையில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும்; 'முதலில் வருவதைக் கொட்டினால் போதும்' என்பது கலப்படச் சரக்கைச் சுத்தமாக்காது. இன்னொன்று, இந்தக் கேஸ் அடுப்பும் மூடி ஓரத்தில் கசியும் மதுசார ஆவியும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது.

செராய்க்கு வருவோம். அடியில் 3 லிட்டர் தண்ணீர், நீருக்கு மேலே ஒரு துளைத்தட்டு, அதன்மேல் ஒருநாள் நிழலில் வாட விட்ட இலை 2 கிலோ, இரண்டு அங்குலத் துண்டுகளாக. அமுக்கி அடைக்காதீர்கள், 'ப' குழாயில் வித்தியாசம் 10 செ.மீ. ஏறினாலே புல் ஆவியை அடைக்கிறது என்று பொருள். சமையல் செராய் என்றால் 4 முதல் 8 மில்லி எண்ணெய்தான் கிடைக்கும், ஒரு தேக்கரண்டி. காமாட்சிப் புல், அதாவது செராய் வாங்கி, இதைவிடத் தாராளம். முதல் கூடைப் புல்லின் எண்ணெயைக் கொசு விரட்ட வைத்துக்கொள்ளுங்கள், உடம்பில் தடவ வேண்டாம். புதுச் சுருளின் கடைசி அழுக்கை எண்ணெய்தான் கழுவும்.

எண்ணெய் மேலே மிதக்கும். குறுகிய கழுத்துள்ள கண்ணாடிப் போத்தலில் பிடித்து, எண்ணெய் கழுத்துக்கு ஏறும்வரை மெதுவாகத் தண்ணீர் சேர்த்தால் துளிசொட்டியால் எடுத்துவிடலாம். கீழே தங்கும் மணநீர் சித்த வைத்தியர் சொல்லும் தீநீர் வகைதான்; ஓமத்தைப் போட்டால் ஓமத் தீநீரும் இதே வாலையில் வரும். எண்ணெயை நிறம் போட்ட கண்ணாடியில், வாய்வரை நிரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றினால் சில வாரத்தில் போத்தல் இளகி, மூடி கையோடு வந்துவிடும்.