புள்ளி வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் பகுதியில் சின்னதாக ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறோம். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெரியவர்களுக்குக் கணினிப் பயிற்சி. வருகிறவர்களின் பெயர், வயது, முகவரி எல்லாம் எக்செல்லில் கிடக்கிறது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் ஏதாவது தெரியுமா? மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். புள்ளிகளுக்கு அடியில் விரிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற தெரு வரைபடம் இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

ஆனால் உங்கள் நேரத்தில் பாதியைத் தின்னப்போவது மென்பொருள் இல்லை, அந்த முகவரிப் பத்தி. ஒரே தெருவை ஒருவர் ‘2வது தெரு’ என்றும் இன்னொருவர் ‘செகண்ட் ஸ்ட்ரீட்’ என்றும் எழுதியிருப்பார், மூன்றாமவர் ‘தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே’ என்று முடித்திருப்பார். முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றுவதை ஜியோகோடிங் என்பார்கள். வீடு கிடைக்காவிட்டால் பல ஜியோகோடிங் சேவைகள் சும்மா இருக்காது, அந்தப் பகுதியின் நடுமையத்தில் ஒரு புள்ளியை வைத்துவிடும். இப்படி இருபது பேர் ஒரே இடத்தில் குவிந்து நிற்க, ‘அடடா, இங்கேதான் நம் ஆட்கள் அதிகம்’ என்று கூட்டத்தில் கைதட்டல் வேறு நடக்கும். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு வீடுகூட இருக்காது. எந்த அளவுக்குத் துல்லியமாகப் பொருந்தியது என்று சேவை தரும் விவரத்தை முதலில் பாருங்கள். வகுப்புக்கும் பயிற்சிக்கும் சேர்த்து இரண்டு முறை பதிவானவர்களையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

சரி, புள்ளிகள் வந்தாயிற்று. இப்போது தெரிவது பெரும்பாலும் மக்கள் எங்கே நெருக்கமாக வசிக்கிறார்கள் என்பதுதான், அதற்கு நீங்கள் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். ஒரு பகுதியில் 2,000 பிள்ளைகள் இருந்து 40 பேர் வந்தால் அது 2 சதவீதம். பக்கத்தில் 300 பிள்ளைகளில் 15 பேர் வந்தால் 5 சதவீதம். புள்ளிகளை மட்டும் பார்த்தால் முதல் பகுதிதான் பிரமாதமாகத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வயதுவாரி எண்ணிக்கையை எடுத்து வகுத்துப் பாருங்கள், கதை மாறும்.

என்னைக் கேட்டால், வராதவர்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடத்துக்கு என்ன காரணம்? வகுப்பு நடக்கும் மையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு ‘எல்லாரும் பக்கத்தில்தானே’ என்று சொல்லிவிடுகிறார்கள். நடுவில் ரயில் பாதை ஓடினால், கடக்க ஒரே ஒரு வழிதான் இருந்தால், வட்டத்துக்குள் இருக்கும் பிள்ளை மூன்று கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருக்கும். அதனால் சாலை வழியாக நடக்கும் தூரத்தைக் கணக்கிடுங்கள், க்யூஜிஐஎஸ்ஸில் அதற்கும் வசதி உண்டு. அப்புறம், ஒன்றிரண்டு முறை வந்துவிட்டு நின்றுபோனவர்களுக்குத் தனி நிறம் கொடுங்கள். ஏன் நின்றார்கள் என்பதை மட்டும் வரைபடம் சொல்லாது, நேரில்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நிதி தருகிறவர்கள் வரைபடம் கேட்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டுப் புள்ளிகளோடு இணையதளத்தில் போடலாமா?

பதில்: கூடாது. பெயர் போனாலும் புள்ளி வீட்டு வாசலில்தானே நிற்கிறது! ஆயத்தொலைவில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில், நான்கு தசம இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டர் வரை நெருங்கிவிடலாம். அமெரிக்க ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கலவரமானது. பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் எண், இந்த மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்றார்.

சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூகசேவை அமைப்பினர், சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவை, வாரக்கூலி எவ்வளவு என்று வரைபடத்தில் மனைவாரியாக வண்ணம் தீட்டி 1895இல் புத்தகமாகவே போட்டார்கள். அருமையான வேலைதான், ஆனால் இன்றைக்கு அந்த அளவு விவரத்தைப் பொதுவில் வைக்க நான் சொல்ல மாட்டேன். பகுதிவாரியாக மொத்த எண்ணிக்கையைக் கொடுங்கள், 5 பேருக்குக் குறைவான பகுதியில் எண்ணே போடாதீர்கள். இன்னொன்று: ஜியோகோடிங்குக்கு வெளிச் சேவையைப் பயன்படுத்தினால் முகவரிப் பத்தியை மட்டும் அனுப்புங்கள். முழு எக்செல்லையும் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

கேள்வி: எங்களிடம் மொத்தமே 40 பேர்தான். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 40 பேரில் சதவீதம் போட்டால் இரண்டு குடும்பம் வீடு மாறினாலே படம் தலைகீழாகிவிடும். ஒரு பெரிய காகித வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தன்னார்வலர்களை உட்காரவைத்துக் குண்டூசி குத்துங்கள், பேச்சில் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிப் பூட்டி வையுங்கள், வருகிறவர் போகிறவர் பார்வைக்கு வைக்காதீர்கள்.