அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் வீட்டுப் பிரசவத்தைத் தேர்ந்தெடுப்பது பயத்தாலா, நம்பிக்கையாலா?

பயத்துக்குக் காரணம் உண்டு. 2021இல் அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மாரில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 69.9 பேர் இறந்தனர். வெள்ளையினத் தாய்மாரில் 26.6. ஆனால் பயம் மட்டும் போதாது. நம்பிக்கை தயாரிப்பில்தான் வருகிறது.

முதலில் தகுதி. ஒற்றைக் குழந்தை, தலை கீழே, 37 வாரம் முடிந்திருக்க வேண்டும், ரத்த அழுத்தம் சீராக இருக்க வேண்டும். இரட்டை, குழந்தையின் புட்டம் முதலில் வருதல், முன்பு சிசேரியன் என்றால் மருத்துவமனையே நல்லது. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

உரிமம் பெற்ற மருத்துவச்சியோடு, பச்சிளங்குழந்தைக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கப் பயிற்சி பெற்ற இன்னொருவரும் வேண்டும். வலி வலுத்தபின் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் டாப்ளர் கருவியில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு மிகுந்தால் தொடையில் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட், கருப்பையைத் தேய்த்துவிடுதல், உடனே 911 அவசர எண்ணுக்கு அழைப்பு. 'கொஞ்சம் பார்ப்போம்' என்ற தாமதம்தான் உயிரை எடுக்கும்.

தலைப்பிரசவத்தில் மருத்துவமனைக்கு மாறுவது சகஜம். பெரும்பாலும் பிரசவம் முன்னேறாததால்தான். அது தோல்வியே அல்ல. பரிசோதனைத் தாள்களும் வண்டியும் முன்பே தயாராக இருக்கட்டும்.

கருமையான தோலில் ஆக்சிஜன் குறைந்து நீலம்பாய்வது எளிதில் தெரியாது. குழந்தையின் நாக்கையும் ஈறையும் பாருங்கள். ஆபத்து பிரசவத்தோடு முடிவதில்லை. முதல் பத்து நாளும் தாயின் ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்: 140/90ஐத் தாண்டினால் மருத்துவச்சியை அழையுங்கள்; 160/110 என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு.