மூன்றடி தூரத்துப் படை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். ஊரடங்கு நாட்களில் இணையத்தில் எதையோ தேடப்போய், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான குட்டிச் சிப்பாய் உருவங்களுக்கு வண்ணம் பூசும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எல்லாம் 28 மி.மீ. உருவங்கள். வாங்கிச் சேர்த்தது அறுபதுக்கு மேல். முடித்தது ஏழு. ஒரு முகத்துக்கே மூன்று இரவு போகிறது. கண் வைக்கும்போது கை நடுங்குகிறது. அப்படிச் செய்தும் கைபேசியில் பார்க்கும் வெளிநாட்டுக்காரர்களின் வேலைக்குப் பக்கத்தில் வைக்க முடிவதில்லை. ஜூன், ஜூலையில் பிரைமர் (வண்ணத்துக்கு முன் ஸ்பிரேயில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் மாவு தூவியதுபோல் வெளுத்துப்போகிறது. மச்சான் வரும்போதெல்லாம், "வெள்ளைக்காரன் பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்காரு" என்று எல்லார் முன்னாலும் சிரிக்கிறார். கூட ஆடவும் இங்கே ஆள் இல்லை. இது கலைதானா? இல்லை, எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? பொம்மைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததால் கேட்கிறேன்.

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

விற்க வேண்டாம். வாங்குவதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

கலையா என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்களைப் படுத்துவது அது இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு தூரத்துக்குச் செய்ய வேண்டிய வேலையை வேறொரு தூரத்தில் வைத்துச் செய்கிறீர்கள். அறுபதில் ஏழு என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது.

28 மி.மீ. உருவம் என்றால் நிஜ மனிதனில் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு. விளையாடும்போது அது உங்கள் கண்ணிலிருந்து மூன்றடி, அதாவது சுமார் 90 செ.மீ. தள்ளி மேசையில் நிற்கும். 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். 54 மீட்டர் வருகிறது. 54 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆளைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். வெலிங்டன் ராணுவ முகாம் பக்கம் சாலையில் பயிற்சி வீரர்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை தூரத்தில் என்ன தெரிகிறது? சட்டை நிறம், தலையில் இருப்பது தொப்பியா வேறா, கையில் துப்பாக்கி உண்டா இல்லையா, நடையில் களைப்பு. விழியில் வெள்ளை தெரிகிறதா? தெரியாது. நீங்கள் மூன்று இரவு உட்கார்ந்து வைப்பது அந்த வெள்ளையைத்தான்.

வெளிநாட்டுக்காரர்களின் படங்கள் வேறு கணக்கு. உருவத்தின் தலை மொத்தமே நாலைந்து மி.மீ. இருக்கும். அதை கேமரா கைபேசித் திரை அளவுக்கு ஊதிக் காட்டுகிறது. அதை வரைந்தவர் அப்படிப் பார்க்கப்படுவதற்கென்றே, கண்ணாடிப் பெட்டிக்கும் போட்டிக்குமாக வரைகிறார். வார்ஹாமர் என்ற பிரபலமான மேசைப் போர் விளையாட்டை நடத்தும் நிறுவனம் 1987 முதல் 'கோல்டன் டீமன்' என்று வண்ணம் பூசும் போட்டியே வைத்திருக்கிறது. அது மரியாதைக்குரிய தனி வித்தை, மறுக்கவில்லை. ஆனால் அந்த உருவத்தை யாரும் விரலால் பிடித்துத் தூக்கி ஆறங்குலம் நகர்த்திவைக்கப் போவதில்லை. உங்களுடையதை நகர்த்துவார்கள். டீ குடித்த கையோடு நகர்த்துவார்கள்.

தூரத்துக்கு வேலை செய்வது எப்படி என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரை மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 1559-இல் கட்டியது. 50 மீட்டருக்கு மேல் உயரம். உங்கள் மேசைக் கணக்கில் வந்த அதே தூரம்தான், இங்கே நிமிர்ந்து நிற்கிறது. சாரம் கட்டியிருக்கும் சமயத்தில் மேல்நிலைச் சுதை உருவங்களைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சொல்வார்கள்: கண் பிதுங்கி நிற்கும், புருவம் கறுப்புக் கயிறுபோல் இருக்கும், கன்னத்து ரோஸ் திட்டுத்திட்டாக இருக்கும். பார்க்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். ஆடி வீதியில் நின்று அண்ணாந்து பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கும். அந்தச் சுதைக்காரருக்குத் தன் உருவத்தை எங்கிருந்து பார்ப்பார்கள் என்பது தெரியும்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. உருவத்தைச் சுருக்கலாம், வெளிச்சத்தைச் சுருக்க முடியாது. நிஜச் சட்டையின் மடிப்பில் நல்ல நிழல் விழும். அரை மி.மீ. பள்ளத்தில், உங்கள் வீட்டு டியூப் லைட்டில், சொல்லும்படியாக ஒன்றும் விழாது. அதனால்தான் ஒரே நிறத்தைச் சீராகப் பூசிய உருவம் மிட்டாய்போல் மொழுக்கென்று இருக்கிறது. நிழலையும் வெளிச்சத்தையும் நாமே பூச வேண்டியிருக்கிறது, அதுவும் நிஜத்தைவிடக் கூட்டி. பள்ளத்தில் கறுப்பை ஒட்டிய பழுப்பு, மேட்டில் நீங்கள் கூச்சப்படும் அளவுக்கு வெளிர் நிறம், பெல்ட்டும் சட்டையும் சேரும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. கையில் வைத்துப் பார்க்கும்போது "கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ" என்று தோன்றினால் மேசையில் சரியாக இருக்கும்.

வேலை முறைக்கு வருகிறேன். ஒன்றை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். சோடா மூடிகளில் பத்துப் பேரை ஃபெவிகாலால் ஒட்டி வரிசையாக நிறுத்துங்கள். பத்துப் பேருக்கும் முதலில் தோல் நிறம், பிறகு பத்துப் பேருக்கும் சட்டை, பிறகு கால்சட்டை. உள்ளே இருப்பதிலிருந்து வெளியே வர வேண்டும். உடம்பு, அதன்மேல் துணி, அதன்மேல் வார், கடைசியில் துப்பாக்கி. நாம் உடுத்துகிற வரிசையேதான். எல்லாம் காய்ந்த பிறகு கறுப்பும் பழுப்பும் கலந்த நீர்த்த வாஷ் ஒன்று. கடையில் விற்கும் வாஷ் வேண்டும் என்றில்லை, அக்ரிலிக்கில் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை ஊசிமுனை அளவு சேர்த்தால் பள்ளங்களில் தானாக இறங்கும். அது காய்ந்ததும் பழைய தட்டை பிரஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மேடுகள்மேல் மட்டும் உரசி எடுங்கள். டிரை பிரஷ் என்பது இவ்வளவுதான். பத்துப் பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். பிடிவாதமான நிறங்கள் இரண்டு உண்டு. கறுப்புக்குமேல் சிவப்பு ஏறாது, நடுவில் செம்பழுப்பு ஒரு கை கொடுங்கள். வெள்ளை எதன்மேலும் ஒழுங்காக ஏறாது. வெளிர் சாம்பலைப் பூசி, அதன்மேல் மேட்டில் மட்டும் வெள்ளை.

கண் விஷயம். நம் ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள், அதற்கென்று சடங்கே உண்டு. உங்கள் மேசையில் அதைத் தலைகீழாக்குங்கள். கண் வைத்தே தீருவேன் என்றால் முதலில் வையுங்கள். கோடு இழுத்துக்கொண்டு போனாலும் பின்னால் வரும் தோல் நிறம் சுற்றிலும் மூடிச் சரிசெய்துவிடும். கடைசியில் வைத்துத் தவறினால் முடித்த முகம் முழுவதும் போய்விடும். என்னைக் கேட்டால் தளபதிக்கும் கொடி பிடிப்பவனுக்கும் மட்டும் கண் போதும். மற்றவர்களுக்குப் புருவத்தின் கீழ் ஒரு பழுப்புக் கீற்று, மூக்கிலும் கன்ன எலும்பிலும் வெளிர் நிறத்தில் ஒரு தொடல். 54 மீட்டரில் அதுதான் முகம்.

பிரைமர் வெளுப்பது உங்கள் கை கோளாறு இல்லை, நம் மலையின் காற்று. ஸ்பிரே டப்பாவிலிருந்து வாயு விரிந்து வெளியே வரும்போது சட்டென்று குளிர்கிறது. ஈரக் காற்றில் அது நீர்த்துளியைக் கூட்டிக்கொண்டு போய் உருவத்தில் உட்காருகிறது. கடைசியில் காப்புக்கு அடிக்கும் மேட் வார்னிஷுக்கும் இதே கதிதான், அது இன்னும் மோசம், முடித்த வேலையின்மேல் பனிமூட்டம் இறக்கிவிடும். மழைக்காலம் முடியும்வரை ஸ்பிரேயைத் தொடாதீர்கள். பிரஷால் பூசும் பிரைமர் கிடைக்கிறது, மெல்லிசாக இரண்டு கை போதும். ஸ்பிரே வேலையைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வெயில் ஏறிய பிறகு மொத்தமாக முடித்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது. பொதுவாக அக்ரிலிக் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஒழுங்காகப் படலம் கட்டாது, காய்ந்ததுபோல் இருக்கும், விரல் பட்டால் உதிரும். அந்த மாதங்களில் வெளி வராந்தாவை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் உட்காருங்கள், வீட்டில் அனுமதித்தால். பதிலுக்கு நமக்கு ஒரு சலுகையும் உண்டு. சமவெளிக்காரர்களுக்குத் தட்டிலேயே காய்ந்துவிடும் வண்ணம் இங்கே நிதானமாகக் காய்கிறது. இரண்டு நிறத்தை ஒன்றோடொன்று இழைக்க அவகாசம் கிடைக்கிறது.

பிரஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கீரி முடி பிரஷ் என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். கீரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது, அந்த பிரஷை விற்பதே குற்றம். நுனி கெடாத சிந்தெடிக் பிரஷ் போதும். மிக மெல்லிய ட்ரிபிள் ஜீரோ பிரஷைத் தேடி அலைய வேண்டாம், ஒன்றாம் நம்பரில் கூர்மையான நுனி இருந்தால் அதுவே எல்லா வேலையும் செய்யும். நாக்கில் தொட்டு நுனி கூட்டும் பழக்கம் இருந்தால் விடுங்கள். பழைய உலோக உருவங்களில் ஈயம் உண்டு, சில வண்ணங்களில் காட்மியம் உண்டு.

மச்சானுக்கு வருவோம். வெள்ளைக்காரன் பொம்மையா? 1824-இல் பிரஷ்யப் படைத் தலைமை தன் அதிகாரிகளுக்குப் பரிந்துரைத்த போர் விளையாட்டுக்கு முன்னோடி, 1780-இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தைப் பெருக்கி உருவாக்கிய ஆட்டம். சதுரங்கம் யாருடையது, அதில் யானை, குதிரை, தேர், காலாள் என்று நிற்பது என்ன என்று மச்சானிடமே கேளுங்கள். வரைபடத்திலும் மணல் மாதிரியிலும் போரை நடத்திப் பார்ப்பது உலகம் முழுக்கப் படை அதிகாரிகளின் பாடம். அந்த அதிகாரிகள் படிக்கும் கல்லூரி, பிரிவினைக்குப் பின் குவெட்டாவை விட்டுவிட்டு வந்து அமர்ந்தது நம் வெலிங்டனில். அவர் ஸ்னூக்கர் ஆடுபவராக இருந்தால் இன்னும் வசதி. 1875-இல் ஜபல்பூரில் பிறந்த அந்த ஆட்டத்துக்கு 1882-இல் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில். வெள்ளைக்காரன் விளையாட்டுகளில் சிலவற்றுக்கு முகவரி நீலகிரிதான்.

ஆள் இல்லை என்பதற்கு இந்த விளையாட்டுக்காரர்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கப் படையையும் நீங்களே பூசுங்கள். எதிராளி சும்மா வந்து உட்கார்ந்தால் போதும். வண்ணம் பூசத் தெரியாதவர், விதி தெரியாதவர், மச்சான் உட்பட யாரும் உட்காரலாம். ஒரு பக்கம் மட்டும் வைத்திருப்பவர்தான் இன்னொரு பைத்தியத்தைத் தேடி கோயம்புத்தூர்வரை இறங்க வேண்டும்.

எந்தப் போர் என்று கேட்டால், 1799-ஐச் சொல்வேன். திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகுதான் இந்த மலை மைசூர் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. குன்னூர் பக்கம் பகாசுரன் மலையில் திப்பு காலத்துக் காவல் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாட்டை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள், உற்சாகம் வரும். கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்கே வெள்ளை வார். மூன்றடி தூரத்துக்கென்றே தைத்த உடை. தலையில் மட்டும் கவனமாக இருங்கள். மூன்றடியில் முதலில் தெரிவது தலைப்பாகைதான், அதை மாற்றியதும் ஒரு காரணமாகத்தான் 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். உருவம் வாங்கும்போது அதற்கு முந்தைய தலைப்பாகையா என்று பார்த்து வாங்குங்கள். திப்புவின் ஆட்களுக்குச் சட்டையில் புலிக்கோடு. இதில் நீங்கள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, உங்கள் சுபாவத்துக்கு ஒவ்வொரு கோடாக எண்ணி வரைவீர்கள். வேண்டாம். வெளிர் நிறத்தில் குட்டிக் குட்டிச் சாய்வுத் தட்டல்கள், ஒரு ஆளுக்குப் பத்துப் பதினைந்து, அவ்வளவுதான். தள்ளி வைத்தால் புலி தெரியும்.

உருவம் நிற்கும் அடித்தட்டுக்குப் பச்சைப் பொடியெல்லாம் வெளிநாட்டிலிருந்து தருவிக்காதீர்கள். ஃபெவிகால் தடவி சலித்த மணல், அதன்மேல் பழுப்பு, டிரை பிரஷ். நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே உலகத்தரமான சருகு கிடைக்கிறது. குடித்து மிஞ்சிய தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினால் காட்டுத் தரை அச்சு அசலாக வரும். ஆனால் வெறும் வாணலியில் நன்றாக வறுத்துவிட்டுத் தூவுங்கள். இல்லாவிட்டால் ஆகஸ்டில் உங்கள் மைசூர்ப் படைக்குக் காலடியில் பூஞ்சை பிடிக்கும், நம் வீட்டுச் செருப்புகளுக்குப் பிடிப்பதுபோலவே.

பக்கத்துக்கு இருபது பேர் தேறியதும் எழுதுங்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மைசூர் பக்கம் எனக்கு. மச்சானைக் கம்பெனிக்கு உட்காரவையுங்கள்.