நாலே கால் வயதுக்கு இரண்டு பக்க வீட்டு வேலை

கேள்வி: எனது மகனுக்கு நாலே கால் வயது. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு முன்பள்ளிக்குப் போகிறார். தினமும் இரண்டு பக்கம் எழுதக் கொடுக்கிறார்கள்: உயிரெழுத்து பன்னிரண்டு, ஒன்றிலிருந்து ஐம்பது வரை, ஏபிசி. இவர் 3, 7 எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுகிறார். ஒரு மாதமாகக் காலையில் வயிற்றுக்குத்து என்கிறார். இரண்டு தடவை காற்சட்டையிலேயே சலம் போய்விட்டார், முன்பு அப்படியில்லை. ரீச்சர் "பின்தங்கிய பிள்ளை" என்கிறார். மூளை வளர்ச்சிக்கு ஏதும் சிரப் கொடுக்கலாமா?

பதில்: சிரப் வேண்டாம். முதலில் சலத்தைச் சோதியுங்கள்.

எழுத்தைப் பற்றிக் கேட்டால் சலத்தைப் பற்றிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று காற்சட்டையை நனைத்தால் கிருமித் தொற்று இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம். அரிதாகச் சீனி வருத்தமும் இருக்கலாம். வழமையை விட நிறையத் தண்ணீர் குடிக்கிறாரா, அடிக்கடி சலம் போகிறாரா, மெலிகிறாரா? ஆம் என்றால் நாளை வரை பார்த்திருக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முன்பள்ளி மலசலகூடத்துக்குப் போகப் பயந்து அடக்கி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அடக்கி அடக்கியே வயிற்றுக்குத்தும் நனைதலும் சேர்ந்து வரும் பிள்ளைகள் நிறையப் பேர்.

வயிற்றுக்குத்து சனி, ஞாயிறிலும் வருகிறதா என்று ஒரு கலண்டரில் குறித்து வாருங்கள். முன்பள்ளி நாட்களில் மட்டும் வந்து பத்து மணிக்குப் போய்விடுகிறது என்றால் அது பெரும்பாலும் பயம். பயம் என்றால் பொய் என்று அர்த்தமில்லை, அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே நோகிறது. இரவில் நித்திரையிலிருந்து எழுப்பும் வலி, வாந்தி, மலத்தில் இரத்தம், நிறை குறைதல் இருந்தால் மட்டும் கதை வேறு, வைத்தியர் பார்க்க வேண்டும்.

சரி, இனி கொப்பி. குழந்தைகள் கீறப் பழகுவதற்கு ஒரு வரிசை உண்டு. மூன்று வயதில் வட்டம், நாலு வயதில் கூட்டல் குறி, நாலரை ஐந்தில் சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். வைர வடிவம் ஆறு ஏழு வயதில்தான் வரும். இப்போது 'அ'வைக் கீறிப் பாருங்கள்: சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்கோடு. 'இ', 'ஔ' பற்றிச் சொல்லவே வேண்டாம். முக்கோணமே சரியாக வராத கைக்கு இதை ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொல்வது வயதுக்கு மீறின வேலை. 'ட', 'ப' போன்ற நேர்கோட்டு எழுத்துகள் கைக்கு லேசு, ஆனால் நாங்கள் அகரவரிசையை விடமாட்டோம். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோமே, அது நல்ல வழக்கம். மறுநாளே பென்சிலைக் கொடுத்து நாற்பது வரி கேட்பதில்தான் பிழை.

வாட்ஸ்அப்பில் ஒரு எக்ஸ்ரே படம் சுற்றுகிறது, சின்னப் பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பே இல்லை, அதனால் எழுதக்கூடாது என்று. பாதிதான் உண்மை. மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் ஒவ்வொன்றாகத்தான் உருவாகும், கடைசி எலும்பு வர 8 வயது தாண்டும். அதற்காக எட்டு வயது வரை பென்சில் தொடக்கூடாது என்றில்லை. தோளின் பலம், விரல்களின் கட்டுப்பாடு, கண்ணும் கையும் ஒத்துழைப்பது, இவையெல்லாம் சேர்ந்துதான் எழுத்து.

திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சாதாரணம். அதை மட்டும் வைத்து மூளையில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் முழு வசனமாகப் பேசுகிறாரா, கதை சொல்கிறாரா, மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறாரா என்பதைத்தான் நான் கேட்பேன். அதில் சந்தேகம் இருந்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டாலோ, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். கண்ணும் காதும் எப்படியும் ஒருமுறை பார்க்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் 'பின்தங்கியவர்' என்ற பெயர்தான் கிடைக்கும்.

வீட்டில் கச்சான் கோது உடைக்கக் கொடுங்கள். பிட்டுக்கு மா குழைக்கும்போது ஒரு பிடி அவருக்கும். பின்னேரம் கடற்கரை மணலில் விரலால் பெரிதாகக் கீறட்டும். கிரேயோனை இரண்டாக முறித்துக் கொடுங்கள், சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் தானாகப் பழகும். நித்திரை முக்கியம்: நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணித்தியாலம் வேண்டும். வீட்டு வேலைக்காக இரவு ஒன்பதரை வரை இருத்தி வைக்காதீர்கள்.

ஆண்டு ஒன்றில் என்ன செய்வார் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஜனவரி 31க்கு 5 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதுதான் விதி, ஐம்பது வரை எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பாடசாலை அனுமதிக்கு வதிவிடப் பத்திரங்களைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள், பிள்ளையின் கையெழுத்தை அல்ல. எழுத்தை அங்கேயும் தொடக்கத்திலிருந்துதான் சொல்லிக் கொடுப்பார்கள்.

ரீச்சரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பிள்ளை எழுதாவிட்டால் வேறு முன்பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று மிரட்டும் பெற்றோருக்குப் பயந்துதான் பலர் கொப்பியை நிரப்புகிறார்கள். "என் மகனுக்கு வீட்டு வேலை வேண்டாம் மிஸ், நான் குறை சொல்லமாட்டேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கு முன் அந்தச் சலப் பரிசோதனை.